குருசாமியும் கொடி பிடித்தவரும்: ஜப்பானைக் குழுவாகப் பார்ப்பது பற்றி

போளூர்ப் பக்கம் வெளியூர்ப் பயணம் என்றால் கூட்டமாகப் போவதுதான் வழக்கம். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு ஒரு தெருவே சேர்ந்து வேன் பிடிக்கும். மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலை கட்டிய பெண்கள் பேருந்து நிறையப் போவார்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் குருசாமியின் பின்னால் மலைக்குக் கிளம்புவார்கள். காசி, இராமேசுவரம் என்றால் அடுப்பும் பாத்திரமும் சமையல்காரரும் கூடவே வண்டி ஏறுவது உண்டு. இப்படிப் பழகிய சிறு நகரத்துக் குடும்பங்கள்தான் இப்போது சென்னையில் புறப்படும் குழுக்களில் சேர்ந்து சிங்கப்பூர், மலேசியா என்று தொடங்கி ஜப்பான் வரை போகின்றன. பிள்ளைகள் சம்பாதித்து அனுப்பிவைக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் பி.எஃப். பணத்தில் போகிறார்கள். 2024இல் ஜப்பானுக்குப் போன இந்தியர்களின் எண்ணிக்கை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. உலகம் முழுவதிலிருந்தும் அந்த ஆண்டு அங்கே போனவர்கள் சுமார் 3 கோடியே 68 இலட்சம்.

கொடி பிடித்து முன்னே நடக்கும் வழிகாட்டியின் பின்னால், நாற்பது பேரில் ஒருவராக, ஒரு வாரம் பத்து நாளில் ஒரு நாட்டின் பண்பாட்டைத் தெரிந்துகொள்ள முடியுமா? படித்தவர்கள் பலரும் முடியாது என்பார்கள். அப்படி நினைப்பதற்கு நம் பயண இலக்கியமும் ஒரு காரணம். ஏ. கே. செட்டியார் 1930களில் டோக்கியோவில் தங்கிப் புகைப்படக் கலை படித்தவர். ஜப்பானைப் பற்றி எழுதியவர். தி. ஜானகிராமன் ‘உதய சூரியன்’ எழுதினார். அண்மையில் ஜெயமோகன் ‘ஜப்பான், ஒரு கீற்றோவியம்’ எழுதினார். ஜப்பான் மண்ணை மிதிக்காத பாரதியும் 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். இவர்கள் எல்லாரும் தனி மனிதர்களாக நின்று பார்த்தவர்கள், நினைத்த இடத்தில் நின்றவர்கள். தமிழில் பயணி என்றால் அவர் தனியாள் என்ற எண்ணம் இவர்கள் வழியாக நமக்குள் ஊன்றிவிட்டது. குழுவில் போகிறவரை நாம் ‘டூரிஸ்ட்’ என்று ஒரு படி கீழே வைத்துவிடுகிறோம்.

மற்ற நாடுகளுக்கு இந்தத் தராசு பொருந்தலாம். ஜப்பானுக்குப் பொருந்தவில்லை என்பதே என் முடிவு. ஏனென்றால் வழிகாட்டியோடு கூட்டமாகப் பயணம் போவது ஜப்பானியரின் பழைய பண்பாடுகளில் ஒன்று.

இசே என்ற ஊரில் சூரிய தேவியான அமதெராசுவின் கோயில் இருக்கிறது. எதோ காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, வாழ்நாளில் ஒருமுறையாவது இசேக்குப் போய்வர வேண்டும் என்பது சாதாரணக் குடியானவரின் ஆசை. தனியொருவருக்கு அந்தச் செலவு கட்டாது. ஊர்க்காரர்கள் ‘கோ’ என்று ஒரு சங்கம் வைத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் சேர்ப்பது, சீட்டுக் குலுக்குவது, பெயர் விழுந்தவர்கள் எல்லாருக்காகவும் போய்க் கும்பிட்டுவிட்டு வருவது. நம் ஊர்ச் சீட்டுக்கும் கோயில் யாத்திரைக்கும் இடைப்பட்ட ஏற்பாடு அது. இசேயில் ‘ஓஷி’ எனப்படும் பூசாரி வகுப்பினர் இருந்தனர். இன்னின்ன ஊர்கள் இன்னாருக்கு என்று பிரித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அந்த ஊர்களுக்குப் போய்த் திருநாமச் சீட்டும் பஞ்சாங்கமும் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த ஊர்க்காரர்கள் இசேக்கு வந்தால் தங்கவைத்து, சோறு போட்டு, கோயில் காட்டுவதும் அவர்கள்தான். 1830இல் திடீரென்று கிளம்பிய இசே யாத்திரை அலையில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நடந்தார்கள் என்கிறார்கள். அப்போது ஜப்பானின் மொத்த மக்கள்தொகையே மூன்று கோடி அளவுதான். எதோ காலத்துக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1871இல் ஓஷி முறையை ஒழித்தது.

ஆனால் பழக்கம் ஒழியவில்லை, இரயில் ஏறியது. 1905இல் ஷிகா மாகாணத்துக் குசாட்சு இரயில் நிலையத்தில் உணவு விற்றுவந்த மினாமி ஷின்சுகே என்பவர், ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கோயாசான் மலைக்கும் இசேக்கும் குழுப் பயணம் நடத்தினார். 1908இல் தனி இரயிலே அமர்த்தி ஏறக்குறைய 900 பேரை ஸென்கோஜி கோயிலுக்கு அழைத்துப் போனார். அவர் தொடங்கியது இன்று நிப்போன் ரியோகோ என்ற பெரிய பயண நிறுவனம். பள்ளிக்கூடங்களில் 1886இல் தொடங்கிய கூட்டுப் பயணம் இன்றும் ஒவ்வொரு ஜப்பானியக் குழந்தையின் வாழ்விலும் வருகிறது. கியோத்தோ கோயில்களில் நம்மவர்கள் காணும் சீருடைப் பிள்ளைக் கூட்டங்கள் அந்த மரபில் வந்தவை.

இந்த மரபு இன்னும் முழு உயிரோடு இருப்பது ஷிகோகு தீவில். கூகாய் என்னும் கோபோ தைஷியின் பெயரால் 88 கோயில்களைச் சுற்றும் யாத்திரை அது. சுமார் 1,200 கிலோமீட்டர். நடந்தால் நாற்பது ஐம்பது நாள் ஆகும். 1953இல் இயோதெட்சு நிறுவனம் பேருந்துக் குழு யாத்திரையைத் தொடங்கியது. இன்று நடப்பவர்களைவிடப் பேருந்து, கார் என்று வண்டியில் போகிறவர்களே மிகுதி. வெள்ளை உடை, கையில் தடி. அந்தத் தடியே கோபோ தைஷி என்று நம்புவதால், இரவில் விடுதிக்கு வந்ததும் முதலில் தடியின் அடியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் தாங்கள் கால் கழுவுவார்கள். வழியில் ஊர்மக்கள் பழமும் தின்பண்டமும் கொடுத்துக் கும்பிடுவார்கள். பலமுறை யாத்திரை முடித்த ஒருவர் ‘சென்தட்சு’ என்ற பட்டத்தோடு குழுவை நடத்துவார். எந்தக் கோயிலில் என்ன சொல்ல வேண்டும், எங்கே வணங்க வேண்டும், வழியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுப்பவர் அவரே. பதினெட்டு ஆண்டு மலைக்குப் போய் இருமுடி கட்டிவிடும் தகுதி பெற்ற குருசாமியைத் தெரிந்த எவருக்கும் சென்தட்சுவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. போளூர்க்காரர் ஒருவர் ஷிகோகுவில் அந்தப் பேருந்தில் ஏறினால், மொழி தவிர மற்ற எல்லாம் அவருக்குப் புரிந்துவிடும்.

ஆகவே, குழுவாகப் போவது பண்பாட்டை மறைக்கிறது என்பது சரியல்ல. அப்படியானால் நம் குழுக்கள் ஏன் இவ்வளவு குறைவாகப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன? பயண நிரலைக் கையில் எடுத்தால் விடை தெரியும். டோக்கியோ, ஃபூஜி மலை, கியோத்தோ, ஓசாகா. இடையில் 1964இல் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் இரயிலில் ஒரு சவாரி. இதற்குத் தங்கப் பாதை என்று பெயர். அசாகுசாவில் சென்சோஜி, கியோத்தோவில் பொன் மண்டபம், ஃபுஷிமி இனாரியின் சிவப்பு வாயில்கள், நாராவில் மான்கள். எல்லாம் பார்க்கத் தகுந்தவையே. எதையும் குறை சொல்ல மாட்டேன். குறை எங்கே என்றால், அந்த நிரல் யாரை நினைத்தும் எழுதப்பட்டதல்ல. ஆரணிப் பட்டு நெய்கிறவருக்கும் மும்பையின் வைர வியாபாரிக்கும் ஒரே நிரல்.

நம்மவருக்காக எழுதியிருந்தால் அதே பாதையில் வேறு சில இடங்கள் சேர்ந்திருக்கும். சென்சோஜியிலிருந்து சற்று தூரம் நடந்தால் மட்சுசியாமா என்ற சிறு மேட்டில் ஷோதென் கோயில் இருக்கிறது. அங்கே வீற்றிருப்பவர் நம் விநாயகர். சீனா வழியாக வந்த பௌத்தத்தோடு ஜப்பான் சேர்ந்தவர். சிலையைக் காட்ட மாட்டார்கள். வெள்ளை முள்ளங்கிதான் படையல். ஜனவரி 7இல் முள்ளங்கித் திருவிழாவே நடக்கிறது. முள்ளங்கி வாங்கி வைத்துக் கும்பிட்டுவிட்டு வர அதிக நேரம் ஆகாது. சரஸ்வதி பென்ஸைதென் என்ற பெயரில் கையில் வீணை போன்றொரு கருவியோடு ஏரிக்கரைகளிலும் தீவுகளிலும் இருக்கிறாள். இனாரி கோயிலின் ஆயிரக்கணக்கான வாயில்களுக்குள் நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு வாயிலின் தூண்களின் பின்பக்கமும் அதை அளித்தவரின் பெயரும் நாளும் எழுதியிருக்கும். உபயம் இன்னார் என்று குழல்விளக்கிலும் படிக்கட்டிலும் பெயர் எழுதும் ஊரிலிருந்து போனவர்களுக்கு வழிகாட்டி இதைக் காட்டியே ஆக வேண்டும்.

நாராவில் மான்களுக்கு ரொட்டி போடுவதோடு நின்றுவிடக் கூடாது. தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் இருக்கிறார். 752ஆம் ஆண்டு அந்தத் திருமேனிக்குக் கண் திறந்தவர் 736இல் ஜப்பான் வந்து சேர்ந்த போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமான நீலப் பட்டுக் கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லார் கையும் சேர்ந்து கண் திறந்த கணக்கு. அந்தத் தூரிகையும் கயிறும் கோயிலை ஒட்டிய ஷோசோயின் கருவூலத்தில் 1,270 ஆண்டுகளாக இருக்கின்றன. நம் ஊரில் ஸ்தபதி கண் திறக்கும் சடங்கைப் பார்த்தவர்கள் அந்தப் புத்தரின் முன் நிற்கும்போது இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வழிகாட்டியின் வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

தேநீர்ச் சடங்கு எல்லா நிரலிலும் இருக்கிறது. முக்கால் மணி நேரம், ஒரு இனிப்பு, ஒரு கிண்ணம் பச்சைத் தேநீர், புகைப்படம். 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ செம்மைப்படுத்திய அந்தக் கலையில் முழு விருந்து நான்கு மணி நேரம் நீளும். குறுக்கியதில் தவறில்லை, அந்நியருக்கு அறிமுகம் அவ்வளவுதான் முடியும். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்திலும் நமக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. டச்சுக் கப்பல்கள் எதோ காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து அச்சுச் சீலைகளையும் கோடு போட்ட பருத்தித் துணிகளையும் நாகசாகிக்குக் கொண்டுபோயின. கோட்டுத் துணிக்கு ஜப்பானியர் நம் சாந்தோமின் பெயரையே வைத்தார்கள். அச்சுச் சீலையைத் தேநீர் ஆசான்கள் துண்டு துண்டாகப் பாதுகாத்து, விலைமதிப்பற்ற தேநீர்ச் சிமிழ்களுக்குப் பை தைத்தார்கள். தமிழ்க் கரையின் நெசவு ஜப்பானியரின் மிக நுட்பமான சடங்குக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நம் குழுக்கள் அதன் எதிரிலேயே மண்டியிட்டு அமர்ந்துவிட்டு, தெரியாமல் எழுந்து வருகின்றன. எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம்.

சாப்பாட்டை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘தினமும் இரவு இந்திய உணவு’ என்ற உறுதிமொழி இல்லாமல் தமிழ்க் குழு நிறையாது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது நியாயமான தேவையும்கூட. ஜப்பானியக் குழம்பு, சாறு எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ‘தாஷி’ பெரும்பாலும் காய்ந்த சூரை மீனில் எடுத்தது. நம் கடற்கரையும் இலங்கையும் அறிந்த மாசிக்கு அது உறவு. காய்கறிதானே என்று நம்பிச் சாப்பிட முடியாது. ஆனால் அதே நாட்டில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காத ‘ஷோஜின் ரியோரி’ என்ற மடத்துச் சமையல் இருக்கிறது. கோயாசான் மலையில் கோயில்களிலேயே தங்கி, அந்தச் சாப்பாடு சாப்பிட்டு, விடியற்காலைப் பூசையில் உட்காரலாம். ஏழு இரவில் ஒரு இரவு அங்கே வைத்தால் சைவக்காரர்களும் ஜப்பானிய உணவு சாப்பிட்டு வந்ததாக உண்மையாகச் சொல்லலாம். வெந்நீர் ஊற்றுக் குளியலில் உடையில்லாமல் இறங்க வேண்டும் என்பது நம் பெண்களுக்குச் சங்கடம். பச்சை குத்தியவர்களை அனுமதிக்காத குளியலறைகளும் உண்டு. கையில் பச்சையோடு வரும் நம் பாட்டிமார்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

இனி நெசவுக்கு வருகிறேன். போளூர், ஆரணி வட்டாரத்துக்காரர் ஜப்பான் போவதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய காரணம் அது.

கியோத்தோவின் வடமேற்கில் நிஷிஜின் இருக்கிறது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் நகரம் எரிந்தது, நெசவாளர்கள் ஓடிப்போனார்கள், போர் ஓய்ந்ததும் மேற்குப் படை முகாமிட்டிருந்த இடத்தில் வந்து தறி போட்டார்கள். கிமோனோவின் மேல் சுற்றும் ‘ஓபி’ கச்சைதான் அவர்களின் பெருமை. 1869இல் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்ததும் அரண்மனை வாங்குவோர் போனார்கள், தொழில் படுத்தது. கியோத்தோ அரசு 1872இல் மூன்று பேரைப் பிரான்சின் லியோன் நகரத்துக்கு அனுப்பியது. அவர்கள் கற்றுக்கொண்டு ஜக்கார்டு பொறியை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். மூவரில் ஒருவரான யோஷிதா சூஷிச்சி திரும்பி வரும்போது 1874இல் இசு கரையோரம் கப்பல் மூழ்கி இறந்துபோனார். ஆரணித் தறியின் தலைக்கு மேல் இருக்கும் அதே ஜக்கார்டு பெட்டி, அதே ஓட்டை போட்ட அட்டை. அதற்காக ஒருவர் உயிர் கொடுத்த ஊரில், நம் நெசவாளர் போய் நிற்க வேண்டாமா?

அங்கே பார்க்க வேண்டியது கிமோனோ அணிவகுப்பு மேடையை அல்ல, வேலையை. முறுக்குபவர், சாயம் போடுபவர், பாவு போடுபவர், அட்டை அடிப்பவர், நெய்பவர் என்று ஒவ்வொருவரும் தனி வீடு, தனிக் குடும்பம். கியோத்தோ வியாபாரி கொடுக்கும் நூலை வாங்கி, தொலைவில் தாங்கோ பகுதியில் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறவர்களே இன்று பெரும்பகுதி. ஒண்ணுபுரத்திலும் தேவிகாபுரத்திலும் முதலாளி கொடுத்த பாவில் நெய்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சரிகைதான் வேறு. நமது சரிகை சூரத்தில் பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றிப் பொன் முலாம் பூசியது. அவர்களுடையது கையால் செய்த காகிதத்தில் அரக்கு தடவித் தங்க இதழ் ஒட்டி, மயிரிழையாக நறுக்கியது; அந்தத் தங்கக் காகித இழையை ஒவ்வொன்றாக மூங்கில் கொக்கியால் இழுத்து ஊடு போடுகிறார்கள். ‘ட்சுசுரே’ என்ற நெசவில் விரல் நகத்தை அரம்போல் வெட்டிவைத்துக்கொண்டு, நகத்தாலேயே இழையை அணைக்கிறார்கள். கோர்வை போடத் தெரிந்த கை இதைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளும். எழுத்தாளருக்கு ஐந்து பக்கம் எழுதினாலும் பிடிபடாது. தனிப் பயணியைவிடத் தொழில் தெரிந்த குழு அதிகம் பார்க்கும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவர் பாவைப் பார்ப்பார், ஒருவர் சாயத்தைப் பார்ப்பார், ஒருவர் கூலியைக் கேட்பார். மாலையில் விடுதியில் உட்கார்ந்து பேசும்போது நாற்பது பேர் பார்த்தது ஒன்றாகச் சேரும்.

பார்க்க வேண்டிய துயரமும் அங்கே இருக்கிறது. 1909 அளவில் சீனாவை முந்தி உலகிலேயே அதிகக் கச்சாப் பட்டு ஏற்றுமதி செய்த நாடு ஜப்பான். 1929இல் பட்டுப்புழு வளர்த்த குடும்பங்கள் இருபது இலட்சத்துக்கும் மேல். இன்று இருநூறுக்கும் கீழ். 1872இல் கட்டிய தோமியோகா நூற்பாலை 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. அதில் நூல் ஓடவில்லை. அந்த அறிவு முழுவதும் அழியாமல் நம் பக்கம் வந்ததும் உண்டு. 1991 முதல் 2007 வரை ஜப்பானிய நிபுணர்கள் மைசூர் மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையத்தோடு வேலை செய்தார்கள். நம் வெயிலைத் தாங்கும் இருசந்ததி வெண்பட்டுக்கூட்டு இனங்கள் உருவாகி, கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்று மாநில உழவர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. நம் சேலைக்கு வரும் நல்ல வெண்பட்டின் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. விழுந்த தொழிலிலிருந்து எழ முயன்றவர்களும் அங்கே உண்டு. 1688இல் தொடங்கிய ஹோசோ என்ற நிஷிஜின் நிறுவனம், 32 சென்டிமீட்டர் அகல ஓபி நெய்த தறியை 150 சென்டிமீட்டராக விரித்து, உலகெங்கும் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் சுவர்த்துணி நெய்கிறது. கைத்தறிக் கூலி கட்டவில்லை என்று பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகும் தெருக்களுக்கு இது வெறும் சுற்றுலாக் காட்சி அல்ல.

இதையெல்லாம் யார் சொல்வது என்ற இடத்தில்தான் சிக்கல். ஜப்பானில் 1949 முதல் வழிகாட்டி மொழிபெயர்ப்பாளருக்கு அரசுத் தேர்வு உண்டு, கடினமான தேர்வு. 2018இல் உரிமம் இல்லாதவர்களும் கூலிக்கு வழிகாட்டலாம் என்று சட்டம் தளர்ந்தது. தேர்வு நடக்கும் பத்து மொழிகளில் தாய் மொழியும் கொரிய மொழியும் இருக்கின்றன. தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. ஆகவே ஜப்பானிய வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்ல, சென்னையிலிருந்து வந்த பொறுப்பாளர் அதைத் தமிழில் சுருக்கிச் சொல்கிறார். பத்து நிமிடப் பேச்சு இரண்டு வரியாக வந்து சேர்கிறது. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற மையங்களில் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். படித்தவர்கள் தொழிற்சாலைகளுக்கும் கணினி நிறுவனங்களுக்கும் போய்விடுகிறார்கள். பயண நிறுவனங்கள் அவர்களில் சிலரையாவது அழைத்து, வரலாறும் நெசவும் கோயிலும் சொல்லிக்கொடுத்துக் குழுவோடு அனுப்ப வேண்டும். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன்.

வழிகாட்டி நமக்கு மட்டும் வேண்டியவர் அல்ல, அந்த ஊருக்கும் வேண்டியவர். கியோத்தோவின் கியோன் பகுதியில் மைகோ எனப்படும் கெய்ஷா பயிற்சிப் பெண்களைத் துரத்திப் படமெடுத்தவர்களின் தொல்லை தாங்காமல் 2024இல் தனியார் சந்துகளை மூடி, நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்று, இரயிலில் சத்தமாகப் பேசாதே, குப்பையைக் கையிலேயே வைத்திரு என்று சொல்ல ஒருவர் கூட இருந்தால் விருந்தாளியின் மானமும் காப்பாற்றப்படும். மாலை போட்டவர்களுக்குக் குருசாமி விதிக்கும் ஒழுக்கமும் இதே வகைதான். அதை நாம் கட்டுப்பாடு என்று முகம் சுளிப்பதில்லை.

இசேயைத் தங்கப் பாதை விட்டுவிடுகிறது. ஓசாகாவிலிருந்து இரயிலில் இரண்டு மணி நேரம்தான். அந்தக் கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் முழுவதும் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் காணும் நமக்கு அதன் நோக்கம் விளங்கும். கட்டடத்தோடு தெய்வத்தின் ஆடைகளும் திரைகளும் அணிகளும் என 1,576 பொருட்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஒவ்வோராண்டும் மே மாதத்திலும் அக்டோபரிலும் பக்கத்து மட்சுசாகாவில் ஒரு சிறு கோயிலில் பட்டு நெய்து தெய்வத்துக்குச் சாத்துகிறார்கள். அடுத்த புதுக்கோயில் 2033இல். அதற்கான முதல் சடங்கு 2025 மே மாதமே நடந்துவிட்டது. கோயில் முடியும் தறுவாயில் ஊர்மக்கள் ஆற்று வெள்ளைக் கற்களைத் துணியில் ஏந்திக் கொண்டுபோய்ப் புதுச் சன்னிதியைச் சுற்றி வைப்பார்கள். சென்ற முறை நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளியூர்க்காரர்கள் அதில் கலந்துகொண்டார்கள். இசே யாத்திரைக்குப் பழைய ஜப்பானியர் கட்டியதுபோல், ஆரணியிலும் போளூரிலும் இருக்கும் நெசவாளர் சங்கங்கள் இப்போதிருந்தே மாதாமாதம் ஒரு சீட்டுப் போட்டால், 2033க்குள் ஒரு பேருந்து நிறைய ஆள் சேர்ந்துவிடும். அந்த நிரலில் நிஷிஜினுக்கு இரண்டு முழு நாள், மட்சுசாகாவுக்கு ஒரு நாள், தோமியோகாவுக்கு ஒரு நாள், கோயாசானில் ஒரு இரவு. பொன் மண்டபத்துக்கு அரை நாள் போதும்.